காற்றில் இருந்த தண்ணீர்

அவனை 'அவர்' என்று எழுத இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கை வரவில்லை. ஆய்வகத்தில் எனக்கு இரண்டு வருடம் சீனியர், கோயம்புத்தூர்ப் பக்கம். சேர்ந்த புதிதில் அண்ணா என்றுதான் கூப்பிட்டேன். பெங்களூரில் வந்து இறங்கியவளுக்குத் தமிழில் பேச ஓர் ஆள் கிடைத்த சந்தோஷம். அந்த அண்ணாவைத்தான் பிறகு முப்பது பேர் முன்னால் நிற்கவைத்து மானத்தை வாங்கினேன். அதில் எனக்கு இன்றுவரை ஒரு வருத்தமும் கிடையாது.

தொண்ணூறுகளின் கடைசி. விவேக் நகரில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு, இரண்டு பஸ் மாறி ஆய்வகத்துக்குப் போவேன். ஒரு தண்ணீர் மூலக்கூறு அடினினில் எந்த இடத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது என்று பார்ப்பது என் வேலை. அடினின் என்பது டி.என்.ஏ.வைக் கட்டியிருக்கும் நான்கு செங்கற்களில் ஒன்று. அதைச் சின்ன அடுப்பில் வைத்து ஆவியாக்கி, ஈரமான ஆர்கான் வாயுவோடு வெற்றிடத்துக்குள் ஊதினால், எல்லாம் சட்டென்று குளிர்ந்து ஒரு அடினினும் ஒரு தண்ணீருமாக ஜோடி சேரும். அந்த ஜோடிகளை ஒரு லேசரால் எண்ணிக்கொண்டே, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒன்றையும் அவற்றின் மேல் விட்டு, அதன் நிறத்தை மெல்ல மெல்ல மாற்ற வேண்டும். தண்ணீருக்குப் பிடித்த நிறம் வந்ததும் எண்ணிக்கை சரியும். வரைபடத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளம் விழுந்த இடத்தை வைத்துத் தண்ணீர் உட்கார்ந்திருக்கும் இடத்தைச் சொல்லலாம். எழுத நாலைந்து வரிதான். அந்தப் பள்ளத்தை முதன்முதலில் பார்க்க எனக்கு ஒன்றரை வருடம் ஆனது.

இதில் ஒரு தொல்லை உண்டு. தண்ணீர் அறைக் காற்றிலும் இருக்கிறது. லேசர் வரும் வழியில் உள்ள ஈரம் சில நிறங்களை முன்னதாகவே குடித்துவிடும். அதனால் ஒளி போகும் பாதையைப் பெட்டி போட்டு மூடி, உள்ளே உலர்ந்த நைட்ரஜனை விட்டுக்கொண்டே இருப்போம். ஒரு புதன்கிழமை நைட்ரஜன் தீர்ந்துபோனது. வெளியே விடாத மழை. எங்கள் டெக்னீஷியன் தொம்மலூர்க்காரர், தமிழில் கன்னடம் கலந்து பேசுவார். "சிலிண்டர் வண்டி ஓசூர் ரோட்ல மாட்டிக்கிச்சாம் மேடம், நாளைக்குத்தான் வரும். சும்னே மிஷினை ஓட்டி டைம் வேஸ்ட் பண்ணாதீங்க" என்றார்.

லேசரில் என் முறை வாரத்துக்கு ஒரு நாள். விட மனசில்லாமல் ஓட்டினேன். பள்ளம் இரண்டாக விழுந்தது. நோட்டில் எழுதினேன்: நைட்ரஜன் இல்லை, மழை, நம்பாதே. எங்கள் ஆய்வகத்து வழக்கப்படி அளவீடுகள் பொதுக் கம்ப்யூட்டரில் கிடக்கும், யார் வேண்டுமானாலும் திறக்கலாம். எப்படி எடுத்தது என்பது மட்டும் அவரவர் நோட்டில் இருக்கும். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அன்றைக்கே அக்கா கல்யாணத்துக்காக ஆரணிக்குக் கிளம்பிவிட்டேன்.

பத்து நாள் கழித்துத் திரும்பி வந்ததும் பேராசிரியர் கூப்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு. பக்கத்தில் அந்த சீனியர் அண்ணா. தண்ணீர் அடினினில் இரண்டு இடங்களில் ஒட்டுகிறதாம், இவன் கண்டுபிடித்துவிட்டானாம். துறைக் கருத்தரங்கில் பேசட்டும், பிறகு பத்திரிகைக்கு அனுப்பலாம், அடினின் இனி அவன் தீசிஸுக்கு, நீ வேறு மூலக்கூறு பார்த்துக்கொள் என்றார். என் ஒன்றரை வருடம் அப்படியே போயிற்று.

பக்கத்தில் நின்றவன் என்னிடம் தமிழில், "நீதான் ஊருக்குப் போயிட்டியேம்மா. வேலை நிக்கக்கூடாதேன்னு நானே மிஷின்ல ரன் போட்டேன்" என்றான். எதிர்த்துப் பேசாத பிள்ளை என்று என்னைப் பற்றி ஒரு நினைப்பு அவனுக்கு.

சண்டை போடத்தான் வாயைத் திறந்தேன். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த வரைபடம் கண்ணில் பட்டது. என் புதன்கிழமைப் படம். மூலையில் கம்ப்யூட்டர் அடித்த தேதி, நடுவில் அந்த இரண்டு பள்ளம். வாயை மூடிக்கொண்டேன். "கங்கிராட்ஸ் அண்ணா" என்றேன். அதற்குப் பிறகு அவனை அண்ணா என்று கூப்பிடவில்லை.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரமும் எனக்கு நன்றாகப் பசித்தது, நன்றாகத் தூங்கினேன். என் முறை வந்தபோது புது சிலிண்டரைத் திறந்துவிட்டு மறுபடி எடுத்தேன். ஒரே பள்ளம். அடுத்த முறை அடினினே இல்லாமல், வெறும் காற்றில் லேசரை விட்டு அதன் சக்தியை அளந்தேன். அவனுடைய இரண்டு பள்ளத்துக்கும் நடு நிறத்தில் சக்தி தொபுக்கென்று விழுந்தது. காற்று அந்த இடத்தில் ஒளியைக் குடித்ததால் பள்ளத்தின் நடுப்பகுதி மேடாகி, ஒன்று இரண்டாகத் தெரிந்திருக்கிறது. இரண்டு படங்களையும் புரொஜெக்டரில் வைக்கும் கண்ணாடி ஷீட்டில் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும் என்று தன் ஷீட்டுகளையும் என்னையே எழுதச் சொன்னான். எழுதிக் கொடுத்தேன். 'இரண்டு இடங்கள்' என்பதற்குக் கீழே சிவப்பில் கோடுகூடப் போட்டேன்.

அவன் பேசி முடித்ததும் கை தூக்கினேன். படத்தின் மூலையில் இருக்கும் தேதியில் நைட்ரஜன் ஓடிக்கொண்டிருந்ததா என்று கேட்டேன்.

முழு வேகத்தில் ஓடியது என்றான், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

புரொஜெக்டர் பக்கத்தில் நின்ற டெக்னீஷியன், "அன்னிக்கு சிலிண்டரே இல்லியே சார்" என்றார். நான் முன்னால் போய் என் இரண்டு ஷீட்டுகளையும் அவன் ஷீட்டின் மேலேயே வைத்தேன். நோட்டைப் பேராசிரியரிடம் கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு, மீதிப் பேச்சு வேண்டாம் என்றார். அவன் காது சிவந்ததைப் பார்த்தேன். பார்க்கப் பார்க்கத் தித்தித்தது. அடினின் அந்த வாரமே என்னிடம் திரும்பி வந்தது.

இரண்டு நாள் கழித்து வராண்டாவில் மடக்கினான். "தெரிஞ்சேதானே விட்டே? மேடையேறுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல?"

"என் படத்தை எடுத்துக்கறதுக்கு முன்னாடி நீங்க கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

சத்தியமாகச் சொல்லியிருப்பேன். நைட்ரஜன் இல்லாததைச் சொல்லி, நல்ல படம் எடுத்ததும் முதலில் அவனிடம்தான் காட்டியிருப்பேன், கட்டுரையில் அவன் பெயரையும் சேர்த்திருப்பேன். அண்ணா ஆயிற்றே. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது.