வலது பக்கம் இறங்கிய குழாய்

போன வாரம் ஆணி வாங்கத் தானா ராத்தா டவுனில் இரும்புக் கடைக்குப் போயிருந்தேன். வாசலில் புதிய கறுப்புக் குழாய்கள் சுருள் சுருளாக வெயிலில் கிடந்தன. சூடேறிய பிளாஸ்டிக் வாடை. உங்களுக்கு அது ஒன்றுமில்லை. நானோ ஆணி வாங்காமலே திரும்பிவிட்டேன்.

பல வருடங்களுக்கு முன், நான் தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. கல்யாணமாகி மூன்று மாதம். தேவி கீழே ஈப்போ பக்கத்துப் பெண். ஞாயிறானால் மலை ஏற வேண்டும் அவளுக்கு. முகட்டில் பாசி மூடிய மரங்களைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். எனக்கோ புறப்பட்ட நேரம், உட்கார்ந்த இடம், விழுந்துகிடந்த மரம் எல்லாம் நாட்குறிப்பில் ஏற வேண்டும். சிரிக்காதீர்கள், இன்றும் அப்படித்தான்.

அந்த ஞாயிறு, என்னோடு தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையில், ஒரே லயத்தில் வளர்ந்த மாரியண்ணனும் வந்தார். தோட்டத்தில் மருந்து அடிப்பவர். எட்டு மணி பத்துக்கு ஏறினோம். பன்னிரண்டரைக்கு முகட்டில் தேங்காய்ப்பால் சோறு, நாசி லெமாக் பொட்டலம் பிரித்தோம்; அந்தச் சம்பல் காரத்துக்கு நான் தண்ணீர் குடித்ததைத் தேவி இப்போதும் சொல்லிக் காட்டுவாள். ஒன்று இருபதுக்கு மூடுபனி இறங்கியது. பாதை போய்விட்டது. ஒரே மரத்தை இரண்டு முறை சுற்றிவந்தோம்.

குளிரில் தேவிக்கு இழுப்பு வரும். "இழுப்பு மருந்து பம்ப் இருக்குல்ல?" என்றேன்.

"இருக்குங்க. கொஞ்சந்தான் மிச்சம்."

லயத்துப் பிள்ளைகளுக்குக் காட்டில் ஒரே சட்டம்தான்: தண்ணீர்க் குழாயைக் கண்டால் அதோடு இறங்கு, வீட்டில் கொண்டுபோய் விடும். வேர்களுக்கு நடுவே கறுப்புக் குழாய் ஒன்று தெரிந்ததும் நான் துள்ளினேன். மாரியண்ணன் அசையவில்லை.

"தம்பி, நம்ம பைப்பு இடது கைப் பக்கமா இறங்கும். இது வலது பக்கம் போவுது."

"போன மாசந்தாண்ணே இரும்புப் பைப்ப எடுத்துட்டுக் கறுப்பு போட்டாங்க. சாமான் வந்தப்ப நான்தான் எழுதினேன்."

"சாமான எழுதின, சரி. வழிய எழுதினியா? காடு ஒன் புக்கைப் படிச்சிருக்காது லா."

தேவி சிரித்தாள். சிரிப்பு இருமலாகி நின்றது. இனி யோசிக்க நேரமில்லை என்று நான் முன்னால் இறங்கிவிட்டேன்.

நாற்பது நிமிடம். தேயிலைச் செடி ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. சரிவு செங்குத்தானது. பின்னால் அவள் நெஞ்சில் விசில் சத்தம். ஒரு வேரில் உட்கார்ந்து பம்பை அழுத்தினாள், வெறும் காற்று. உதடு நீலம் பாரித்திருந்தது. அது எங்கள் குழாய் இல்லை. காய்கறித் தோட்டக்காரர் யாரோ ஓடையிலிருந்து இழுத்தது.

"திரும்பி மேல போயிரலாம்ணே" என்றேன்.

"மேல ஏறினா தாங்காது. எவன் பைப்பா இருந்தா என்ன, தண்ணி போற எடத்துல ஆளு இருக்கும். தூக்கு தங்கச்சிய."

மாறி மாறி முதுகில் சுமந்தோம். என் கழுத்தருகே அவள் மூச்சு துண்டு துண்டாக வந்தது. "பேசிக்கிட்டே... இருங்க." என்ன பேசுவது? வாய்க்கு வந்ததையெல்லாம் உளறினேன்.

லெம்பா பெர்த்தாம் பள்ளத்தாக்கில் ஒரு முட்டைக்கோஸ் தோட்டத்தில் போய் விழுந்தோம். கூடை அடுக்கிக்கொண்டிருந்த தமிழ் அம்மா ஒருவர் தேவியின் முகத்தைப் பார்த்தார். "பேச்சு அப்புறம். கோஸ எறக்கிப் போடு, லோரில ஏத்து!"

நாலு மணி ஐந்துக்கு ஆஸ்பத்திரியில் மூக்கும் வாயும் மூடும் மாஸ்க்கில் ஆவி மருந்து வைத்தார்கள். ஐந்து மணிக்கு அவள் உதட்டில் நிறம் வந்தது. 'அப்பவே சொன்னேன்ல' என்று மாரியண்ணன் அன்றும் சொல்லவில்லை, சாகும்வரையும் சொல்லவில்லை.

அதன் பிறகும் நடந்தோம். தேவி முன்னால், நான் பின்னால். இப்போது நடக்கக் காடு இல்லை. முகட்டின் கீழிருந்து ரோடு வரை காய்கறி வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள். போன மாதம் அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்தினோம்.

"அன்னிக்கு நான் எங்கங்க உட்கார்ந்தேன்?"

கை நீட்டப் பார்த்தேன். வேர் இல்லை, மரம் இல்லை. சரிவையே வெட்டிச் சமமாக்கியிருந்தார்கள். "இங்கதான் எங்கேயோ" என்றேன். அவள் ஆழமாக ஒரு மூச்சு இழுத்தாள். அது முழுதாக வெளியே வரும்வரை நான் அசையாமல் நின்றேன்.