பிச்சுமணி போட்ட வட்டம்

நான் காரை நிறுத்தியதும் பிச்சுமணி கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். "ஒம்பது பதினெட்டு. மூணு நிமிஷம் லேட்டு" என்று அறிவித்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார். சனிக்கிழமை காலைத் தூக்கத்தைக் கெடுத்த மனிதர் பேசுகிற பேச்சா இது என்று எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அமெரிக்காவில், இந்த மான்மவுத் ஜங்ஷன் மாதிரி ஊரில், கார் ஓட்டத் தெரியாதவருக்குக் கால் இல்லாத மாதிரிதான். மகள் விசாலாக்ஷிக்குச் சனிக்கிழமையும் ஆஸ்பத்திரி டியூட்டி. பக்கத்து வீட்டுக்காரனாய்ப் பிறந்த பாவத்துக்கு இரண்டு வருஷமாக நான்தான் அவரை லைப்ரரிக்கு அழைத்துப் போகிறேன்.

திருச்சி ரயில்வே கண்ட்ரோல் ஆபீசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்தவர். எந்த வண்டி எந்த ஸ்டேஷனை எத்தனை மணிக்குத் தாண்டியது என்று போனில் கேட்டுக் கேட்டுக் குறிக்கிற உத்தியோகம். இங்கே வந்தும் கை சும்மா இருப்பதில்லை. குப்பை லாரி வரும் நேரம், ஸ்கூல் பஸ் திரும்பும் நேரம் எல்லாம் சமையலறைக் காலண்டரில் பென்சிலால் ஏறிவிடுகின்றன. பேத்தி மானஸா, "தாத்தா, நோபடி கேர்ஸ்" என்பாள். அவர் அசர மாட்டார். "கண்ட்ரோல்ல எழுதலேன்னா அந்த வண்டி ஓடவே இல்லேன்னு அர்த்தம். தெரியுமோ?" என்பார். இதை நானே நூறு தடவை கேட்டிருக்கிறேன்.

லைப்ரரியில் அவருக்கு வேண்டியது ஒரே ஒரு புத்தகம். பசிபிக் போரில் அமெரிக்க விமானப் படை ஒவ்வொரு நாளும் என்ன செய்தது என்று தேதிவாரியாகச் சொல்கிற தடித்த புத்தகம். வீட்டுக்குக் கொடுக்க மாட்டார்கள். எத்தனை விமானம், எந்தத் தீவு, எத்தனை படகு மூழ்கியது என்று நாளுக்கு நாலு வரி. முதல் நாளிலிருந்து வரிசையாக வாசிக்கிறார். தலைகீழாக நின்றாலும் ஒரு தேதியைத் தாண்ட மாட்டார். ஒவ்வொரு நாள் முடிந்ததும் பென்சிலால் மேஜையை ஒரு தட்டு.

அவர் தேடுவதும் ஒரே ஒரு நாளைத்தான். "அந்தப் பக்கத்தை நேரே புரட்டிப் பார்த்தால் என்ன மாமா?" என்று கேட்டேன். "நடுவுல ஏறினா வண்டி எங்கேருந்து வரதுன்னு தெரியாது, ஸ்ரீநிவாசன்" என்றார். அந்த நாளுக்குப் போய்ச் சேரவே அவருக்குப் பயம் என்று எனக்குத் தோன்றியது.

அவருடைய தகப்பனார் ஜம்புநாதன் பட்டாளத்தில் ஸ்டோர் குமாஸ்தா. சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் கைதியானார். அவரைக் கப்பலேற்றி நியூ கினித் தீவுக்குக் கொண்டு போனார்கள். கூட இருந்தவர்களில் உயிரோடு மாயவரம் திரும்பியவர் மகாதேவன் ஒருவர்தான். நாற்பத்தாறில் வீட்டுக்கு வந்து சொன்னார். வைகாசி, கிருஷ்ண பட்ச தசமி. காலையில் படகிலிருந்து மூட்டை இறக்கும்போது அமெரிக்க விமானம் வந்தது, ஒரே குண்டு.

"ஒரு க்ஷணம்தான், கஷ்டமே படலேன்னார். அம்மா அதைக் கேட்டுண்டுதான் அப்புறம் முப்பது வருஷம் இருந்தா" என்பார் பிச்சுமணி. பிறகு சிரித்துக்கொண்டு இன்னொன்றும் சொல்வார். "மகாதேவன் மாமா அன்னிக்கு எங்காத்துல சாப்ட்டார். பாதி சாதத்தை எச்சல்னு கூடப் பாக்காம மேல்துண்டுல முடிஞ்சிண்டு போனார். பதிமூணு வயசு எனக்கு. அந்த அசிங்கம் பிடிச்ச மாமான்னுதான் சொல்லுவேன்."

ஆயுதத்தால் மாண்டவர்களுக்குத் திதி கொடுக்கவென்று மஹாளய பட்சத்தில் தனியாக ஒரு நாள் உண்டு, சதுர்த்தசி. ஐம்பது வருஷமாக அவர் அதைத் தவறவிட்டதில்லை. சென்னையிலிருந்து பஞ்சாங்கம் தபாலில் வந்ததும் முதல் வேலை, அந்தத் தேதியைப் பென்சிலால் வட்டம் போடுவதுதான். இந்த 98ஆம் வருஷத்துப் பஞ்சாங்கத்திலும் போட்டாயிற்று. அது அவருடைய தோள்பையில்தான் எப்போதும் இருக்கும்.

ஆகஸ்ட் கடைசிச் சனிக்கிழமை வெகுநேரமாக மேஜையில் தட்டும் சத்தம் கேட்கவில்லை. எழுந்து போய்ப் பார்த்தேன். அந்த வைகாசி தசமிக்கு நேரான இங்கிலீஷ் தேதியில், ஒரு வரியில் அவருடைய விரல் நின்றிருந்தது. அந்தக் கரையோரத்தைப் பற்றி அன்றைக்கு எழுதியிருந்தது இவ்வளவுதான்: வானிலை மோசம், விமானங்கள் புறப்படவில்லை. அதற்கு முந்திய நான்கு நாட்களும் அதே வாசகம். பிந்திய மூன்று நாட்களும் அதேதான். எட்டு நாள் மழை.

"காட்டுல கைதியா இருந்தவர் மாமா. பத்து நாள் முன்னே பின்னே மாத்திச் சொல்லியிருக்கலாம். புஸ்தகத்துலயும் ஏதாவது விட்டுப்போயிருக்கும்" என்றேன்.

"அமாவாசைத் தர்ப்பணம் தப்பக்கூடாதுன்னு கோணிச் சரட்டுல தினம் ஒரு முடிச்சுப் போட்டு எண்ணினவர் மகாதேவன் மாமா. திதி தப்பாது. எட்டு நாளும் அந்தப் பக்கம் ஒரு ப்ளேன் போகலை" என்றார். அந்த வரியிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "எழுதலேன்னா ஓடலைதானே?" என்றார்.

அவர் புத்தகத்தை மூடி, அலமாரியில் அதே இடத்தில் முதுகு தெரிய நேராக வைத்தார். காரில் ஏறும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

பாதி வழியில் பேசினார். "மகாதேவன் மாமா சாதத்தை முடிஞ்சிண்டு போனார்னு சொல்லுவேனே, ஞாபகம் இருக்கோ?"

"இருக்கு மாமா."

"சாப்பாடு இல்லாமன்னா போயிருக்கா அங்கே எல்லாரும், அப்பாவும். அதை எப்படிச் சொல்லுவார், அம்மா முன்னாடி? இலைல சாதத்தை வச்சிண்டு."

வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவர் இறங்கவில்லை. தோள்பையிலிருந்து பஞ்சாங்கத்தை எடுத்து மஹாளயப் பக்கத்தைப் பிரித்தார். பென்சிலைத் தலைகீழாகத் திருப்பி, அதன் முனையிலிருந்த ரப்பரால், சதுர்த்தசி மேல் போட்டிருந்த வட்டத்தை மெதுவாக அழிக்க ஆரம்பித்தார்.