அறுபத்து நான்கில் இருபத்தேழு

ராயப்பனும் மகள் பெர்சியும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொச்சை உரித்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து கோச்சடை வீட்டின் கூடத்தில் உட்கார்ந்தார்கள். நாலு காய்க்கு ஒரு தடவை அவர் கையை நிறுத்தி மூச்சு வாங்கினார்.

"நான் குடுத்தா ஆகாதாப்பா?" என்று பெர்சி கேட்டாள்.

"நீ பாதிதான் பாப்பா. மீதிப் பாதி உங்கம்மா. அதைக் கழிச்சுட்டு வா, பாப்போம்."

அடுப்படியிலிருந்து பிலோமினாள், அந்த மீதிதான் உருப்படியான பாதி என்றாள். மூவரும் சிரித்தார்கள்.

அவருக்கு ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும். பாதிப் பொருத்தத்தை அவருடைய இதயம் தாங்காது, முழுப் பொருத்தம் வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். உடன்பிறந்தவர்கள் மூன்று பேர். பொருத்தத்தை முடிவு செய்கிற மரபுக்கூறில் ஒவ்வொருவருக்கும் அப்பாவின் இரண்டு பாதியில் ஒன்று, அம்மாவின் இரண்டு பாதியில் ஒன்று வரும். நாலு வகையில் ஒன்றுதான் அவருடையது. மூன்று பேருக்கும் சேர்த்து, நாலை மூன்று தடவை பெருக்கினால், அறுபத்து நாலு. ராயப்பன் நோட்டில் அறுபத்து நாலு வரியையும் எழுதினார். முப்பத்தேழில் யாராவது ஒருவர் பொருந்தினார்கள். இருபத்தேழில் யாரும் இல்லை.

உடன்பிறந்த மூவரும் சோதனைக்கு ரத்தம் கொடுத்தார்கள். யாருக்கும் பொருந்தவில்லை. இருபத்தேழுக்குள் போய் விழுந்துவிட்டோம் என்று தம்பி ஸ்டீபனுக்குப் போனில் சொன்னார்.

ராயப்பன் பழங்காநத்தத்தில் உபதேசியார் மகனாகப் பிறந்து, மிஷன் பள்ளியில் முப்பத்து மூன்று வருடம் கணக்கு நடத்தியவர். இரண்டு பகடைக்கு முப்பத்தாறு வரியையும் எழுதாமல் சூத்திரம் போட்டு விடை சொன்னவர்களுக்கு முட்டைதான். சூத்திரத்தில் ஆள் விட்டுப்போகும், வரிசையில் விட்டுப்போகாது என்பார். பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் அவரை 'முப்பத்தாறு' என்று கூப்பிட்டார்கள்.

பிலோமினாள் அவருடைய மாமன் மகள். ஆயரிடம் அனுமதி வாங்கிக் கட்டிக்கொண்டார். முதல் பிள்ளை இதயத்தில் ஓட்டையோடு பிறந்து ஒன்பதாம் நாள் செத்தது. வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஒரு டாக்டர், "படிச்ச வாத்தியாரு, சொந்தத்துல கட்டினா இப்படித்தான் பொறக்கும்னு தெரியாதா?" என்றார். அதற்குப் பிறகு எந்த ஆஸ்பத்திரிப் படிவத்திலும் நெருங்கிய உறவில் திருமணமா என்ற கேள்விக்கு ராயப்பன் 'இல்லை' என்றே டிக் போட்டார். பெர்சி பிறந்தபோதும் அதுதான். இந்தத் தடவையும் அதுதான்.

மொச்சை உரித்த ஞாயிறு கழிந்த புதன்கிழமை மதியம் மூளையில் ரத்தம் கசிந்து இறந்தார்.

பத்து நாள் கழித்துக் கடைசிக் காகிதங்களை வாங்க அம்மாவும் மகளும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பேச்சுவாக்கில் பிலோமினாள், அவர் தன் அத்தை மகன்தான் என்றாள். மருத்துவர் கோப்பைப் புரட்டி அந்த டிக்கைப் பார்த்தார்.

"தெரிஞ்சிருந்தா மகளையும் டெஸ்ட் பண்ணியிருப்போம்மா. இந்த மாதிரிக் குடும்பத்துல பிள்ளைக்கே முழுசாப் பொருந்துறது உண்டு."

பெர்சி மென்பொருள் சோதனையில் வேலை பார்ப்பவள். அன்று சாயங்காலமே காகிதத்தை எடுத்தாள். அப்பத்தா அப்பாவுக்குக் கொடுத்த பாதி, அப்பத்தாவின் அண்ணனிடமும், அதாவது அம்மாவின் அப்பாவிடமும், இருந்திருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவர் அதை அம்மாவுக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அம்மா அதைப் பெர்சிக்குக் கொடுத்திருக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். அப்பா தன்னுடைய மற்றப் பாதியைக் கொடுத்திருக்க வேண்டும். நாலு இடம், இடத்துக்கு இரண்டு வழி. பதினாறு வரி எழுதினாள். ஒன்று பொருந்தியது.

இப்போது ரத்தம் கொடுத்தாலும் அந்த ஒன்று அவள்தானா என்று தெரிந்துவிடும். அவள் கொடுக்கவில்லை.

பிலோமினாள் அந்தக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள்.

"அந்தச் செவ்வாக்கெழமை அவரும் இதையேதான் எழுதிக்கிட்டு இருந்தாரு. 'ஒரு ஆள விட்டுட்டேன் பிலோமி'ன்னாரு. உன்கிட்ட அவரே சொல்லிக்கிறேன்னுட்டாரு."

அந்த வார வியாழக்கிழமை காலை பத்தரைக்கு அவர் ஆஸ்பத்திரியில் டோக்கன் சொல்லி வைத்திருந்தார். மகளையும் கூட்டிக்கொண்டு போய், படிவத்தில் 'இல்லை'யை அடித்து 'ஆம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வர வேண்டும்.