கரி பஸ் மேனேஜர்

முதல் கரி பஸ்ஸுக்கு மாலை போட்டுத் தென்காசி ஷெட்டில் நிறுத்தியிருந்த காலை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வண்டியின் முதுகில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்பு உருளை. அதில் அடுப்புக்கரியைப் போட்டுப் பற்றவைத்து, கைச்சக்கரத்தைச் சுற்றி ஊதினால் வாயு வரும். அந்த வாயுவில் எஞ்சின் ஓடும். யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் போனதால் வந்த ஏற்பாடு. மேனேஜர் வெள்ளை வேட்டியோடு படியில் ஏறி நின்று, "நாம எல்லாரும் ஒரே குடும்பம். கஷ்டம்னு எங்கிட்ட வராதீங்க, யோசனையோட வாங்க" என்று பேசினார். ஆளுக்கொரு லட்டு கொடுத்தார். கரியை மட்டும் அவர் தொடவில்லை. அன்றும் தொடவில்லை, பிறகும் தொடவில்லை.

கம்பெனியின் வெள்ளிவிழா மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி எனக்குக் கடிதம் வந்திருக்கிறது. யுத்த காலத்தில் தொழிலாளிகளை அரவணைத்து நடத்தியவராம். நான் அந்தப் பஸ்ஸை ஓட்டியவன். எழுதுகிறேன்.

அவரிடம் யோசனையோடு போனவர் என் அக்காவின் கணவர். என் வண்டிக்கு அவர்தான் கிளீனர். சில நடைக்கு ஒருமுறை குற்றாலத்தில் உருளையின் மூடியைத் திறந்து கரி நிரப்புவது அவர் வேலை. சூட்டோடு திறந்தால் கிளம்பும் புகை ஆளைக் கிறங்க அடித்துவிடும். தீயைக் கொஞ்சம் தணியவிட்டுத் திறந்தால் அவ்வளவு தாக்காது என்று அவரே பட்டுத் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஐயா, கரி போடும்போது பத்து நிமிஷம் கூட விடணும். தலை சுத்துது."

"பத்து நிமிஷத்துல எதிர் கம்பெனிக்காரன் நம்ம பாசஞ்சருவள அள்ளிட்டுப் போயிருவான்வே. இது யோசனையா? சோம்பேறித்தனம்."

ஆபீஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வெளியே வந்ததும் அத்தான், "அந்தப் புகைய அவரு மூக்குல ஒரு தடவை ஏத்தணும் மாப்ளே. பொறவு நல்லா யோசனை வரும்" என்றார்.

அந்த வாரமே விபத்து நடந்தது. நல்ல சாரல், அருவிக்கு வந்த கூட்டம் நெரிந்தது. மேனேஜர் கடிகாரத்தோடு வந்து நின்றார். "தொறயும்வே, என்ன பூசையா பண்ணுதீரு?" அத்தான் திறந்தார். அப்படியே சுருண்டார். கை சூட்டு இரும்பில் பட்டு வெந்தது. தூக்கி மரத்தடியில் போட்டோம். கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. மேனேஜர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "வண்டி எப்ப கெளம்பும்?"

மறுநாள் அத்தானை வேலையிலிருந்து நீக்கினார்கள். குடித்துவிட்டு வந்து விழுந்தார் என்று காகிதம் தயாராக இருந்தது. சாட்சி நான். "நீரும் குடும்பத்துல ஒருத்தர்தானவே, போடும்" என்று பேனாவை நீட்டினார். மறுத்தால் எனக்கும் வேலை போகும். போட்டேன். அதற்கு நான் இன்று வரை ஒரு சமாதானமும் சொல்லிக்கொள்ளவில்லை. அத்தான் பாவூர்சத்திரத்தில் மூட்டை தூக்கப் போனார். அக்கா என் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

அதன் பிறகு மேனேஜரிடம் யாரும் யோசனை சொல்லவில்லை. பிரேக் பிடிக்காவிட்டாலும், குழாயில் விரிசல் விட்டாலும், அவர் எதைச் சொன்னாலும், "சரிங்க ஐயா." அவ்வளவுதான். ஓட்டத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் பட்டாளத்தில் டிரைவராகச் சேர்ந்தார்கள். குண்டு விழுகிற இடம் இவர் ஷெட்டைவிடத் தேவலை என்று அவர்களுக்குத் தோன்றிவிட்டது. மிச்சம் இருந்த எங்கள் வாய் மூடிக் கிடந்ததைப் பார்த்து, தொழிலாளிகள் மாற்றத்தை மனமொப்பி ஏற்றுக்கொண்டார்கள் என்று மேனேஜர் முதலாளிக்கு எழுதினார். முதலாளி நம்பினார். நீங்களும் நம்பித்தான் எனக்குக் கடிதம் போட்டிருக்கிறீர்கள்.

இன்று பஸ்கள் டீசலில் பறக்கின்றன. மேனேஜர் செத்துப்போனார். அவர் படம் ஆபீஸில் சந்தன மாலையோடு தொங்குகிறது. அத்தான் உயிரோடுதான் இருக்கிறார். வெந்த கையின் விரல்கள் மடங்குவதில்லை. அவரைக் குடிகாரன் என்று சொல்பவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர் அன்று குடிக்கவில்லை. என்றைக்குமே குடித்தவர் இல்லை. அது மேனேஜருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். மலரில் இடம் போதாவிட்டால் மேலே எழுதியதையெல்லாம் வெட்டிவிடுங்கள். என் அத்தான் குடிக்கவில்லை என்பதை மட்டும் போடுங்கள்.