லாரியை நிறுத்திய ஆள்காட்டி

நேற்று திருத்தங்கல் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தேன். பக்கத்துக் காலி மனையிலிருந்து ஆள்காட்டிக் குருவி ஒன்று கத்திக்கொண்டே எழும்பியது. என்னையறியாமல் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொண்டேன். பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளுக்கென்ன தெரியும்?

கல்யாணமான புதிதில் அச்சங்குளம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்கு பேக்கிங் வேலைக்குப் போனேன். மருந்து வாடை சோற்றிலும் ஏறிவிடும் என்று பொட்டலில் தள்ளிப்போய் உட்கார்ந்துதான் சாப்பிடுவோம். ஓர் ஆடி மாதம், அங்கே ஓர் ஆள்காட்டி என் தலைக்கு நேரே பாய்ந்தது. தூக்குவாளியைப் போட்டுவிட்டு நான் ஓடிய ஓட்டத்தை அந்த சீசன் முழுக்கச் சொல்லிச் சிரித்தார்கள். என்னோடு வேலை பார்த்த பேச்சியம்மா அக்கா மட்டும் குனிந்து தரையைத் தேடினாள். சரளைக் கல்லோடு கல்லாக நான்கு முட்டைகள்.

லாரி திரும்புகிற இடம் அது. வடநாட்டு ஆர்டருக்கு லோடு ஏற்றும் நேரம் வேறு. சூப்பர்வைசர் அண்ணாச்சி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஒரு குருவிக்காக லாரிய நிறுத்துவாகளா? லோடு பிந்துனா மொதலாளிக்கு யாரு பதில் சொல்லுறது?"

"பிந்தாது அண்ணாச்சி. லாரி கேட்டுலயே நிக்கட்டும். பெட்டிய நாங்க சொமக்கோம்" என்றாள் அக்கா.

"அம்புட்டுப் பெட்டியையுமா?"

"அம்புட்டையுந்தான்."

எங்களைக் கேட்காமலே சொல்லிவிட்டாள். ஆனாலும் ஒருத்திகூட மறுக்கவில்லை. ஆடிக்காற்று மண்ணை வாரிக் கண்ணில் போட, தலையில் பெட்டியோடு கேட்டுக்கும் ரூமுக்குமாக நடந்தோம். வெயில் ஏறினால் அந்தப் பறவை கம்பெனித் தொட்டித் தண்ணீரில் வயிற்றை நனைத்துவந்து முட்டைமேல் உட்காரும். அதைப் பார்த்த பிறகு தொட்டியை நாங்கள் காயவிடவில்லை. ஒருநாள் பார்த்தால் அண்ணாச்சியே தோளில் பெட்டியோடு வருகிறார்.

"என்ன பாக்கீக? நடங்க" என்றார்.

ஒரு லோடும் பிந்தவில்லை.

குஞ்சு பொரித்த அன்று வேலை அப்படியே நின்றது. நான்கும் தாய்க்குப் பின்னால் தள்ளாடித் தள்ளாடி, கம்பி வேலிக்கு அடியில் புகுந்து முள்ளுக்காட்டுக்குள் ஓடின. அக்கா குலவை போட்டாள். எல்லோரும் சேர்ந்துகொண்டோம். கேட்டில் நின்ற டிரைவர், உள்ளே ஏதோ சாமி கும்பிடுகிறார்கள் என்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

"ஏலே, வண்டிய உள்ள கொண்டாலே!" என்று அண்ணாச்சி கத்தினார். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் கத்துவதுபோல இருந்தது.

அடுத்தடுத்த ஆடிகளில், முட்டையைப் பார்த்ததும் லாரியை மறிக்க முதலில் ஓடியது அவர்தான்.

இன்று அந்தப் பொட்டல் இல்லை. கம்பெனி கைமாறி, தரை முழுக்க சிமெண்டுக் கல் பதித்துவிட்டார்கள். அக்கா தன் மகளோடு திருப்பூர் போய்விட்டாள். அந்தக் கம்பெனியில் இனி எந்தக் குருவியும் முட்டையிடப்போவதில்லை. ஆனால் நாங்கள் இருந்தவரைக்கும் அந்த மண்ணில் ஒரு முட்டைகூட நசுங்கவில்லை.