தெற்கே வரத்துக்கால்

கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கம் ஆற்றின் மேல் ஒரு பாலம் இருக்கிறது. பஸ்ஸில் போகிறவர்கள் போனைப் பார்த்துக்கொண்டே அதைக் கடந்துவிடுகிறார்கள். பைக்கில் போகிறவர்களில் சிலர் மட்டும் நிற்கிறார்கள், கோழிக்கழிவு மூட்டையைக் கீழே போடுவதற்கு. சங்கரன்கோவிலிலிருந்து முதல் நாள் சைக்கிள் மிதித்து அங்கே போய்ச் சேர்ந்து, கைப்பிடிச் சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தேன். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே ஒருவன் வண்டியை நிறுத்தி ஒரு சாக்கைத் தூக்கி வீசினான். ஆற்றிலா போடுகிறாய் என்று கேட்டேன். எந்த ஆறு என்று திருப்பிக் கேட்டுவிட்டுக் கிளம்பிவிட்டான். நக்கலாகக் கேட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

கோயிலில் அதற்கு நிட்சேப நதி என்று பெயர். ஊரில் வெறும் ஆறு. இப்போது ஆறு என்றும் யாரும் சொல்வதில்லை, பாலத்துக்குக் கீழே என்கிறார்கள். எனக்குச் சர்க்கரை. நடந்தால் முட்டி வலிக்கிறது என்றேன், அப்படியானால் சைக்கிள் மிதியுங்கள் என்று டாக்டர் சொன்னார். மெயின் ரோட்டில் மிதித்தால் லாரிக்காரன் என் ஆயுசை முடித்துவிடுவான் என்று ஆற்றங்கரைப் பாதையைப் பிடித்தேன். சர்க்கரையைக் குறைக்கப் போனவனுக்கு இரண்டே வாரத்தில் ரத்தக்கொதிப்பு வந்து சேர்ந்தது.

நான் பத்திரம் எழுதுகிறவன். பதிவு அலுவலகத்துக்கு எதிரே சின்னக் கடை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள். முப்பது வருஷமாக இதே வேலை. அந்த ஆற்றைக் காகிதத்தில் நன்றாகவே அறிவேன். கட்சிக்காரர்கள் மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு வருகிற பழைய பத்திரங்களில் அது வந்துகொண்டே இருக்கும். ஆற்றுக்கால் பாய்ச்சலில் உள்ள நஞ்சை, ஆற்றங்கரைத் தோப்பு, கிணற்றில் பாதிப் பங்கு, மடையிலிருந்து முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிக்கொள்ளும் பாத்தியம். அண்ணன் தம்பி பாகம் பிரித்த பத்திரங்களில் நகையைப் பற்றி இரண்டு வரி இருந்தால் தண்ணீரைப் பற்றி இரண்டு பக்கம் இருக்கும். அப்படிச் சண்டை போட்டு எழுதி வாங்கிய ஆற்றை ஒருநாள்கூட நான் போய்ப் பார்த்ததில்லை. எங்கள் தொழிலில் அந்த வழக்கமே இல்லை. தாய்ப்பத்திரத்தில் நான்கு எல்லை என்ன போட்டிருக்கிறதோ, அதை அப்படியே புதுப் பத்திரத்தில் இறக்குவோம். நிலத்தைப் பார்ப்பது வாங்குகிறவன் பாடு என்போம்.

காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் கடை திறக்கிற நேரத்துக்குள் திரும்பிவிடுவேன். மேற்கே போனால் ஆற்றுக்குள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. வாரத்துக்கு இரண்டு பஞ்சர். ஒட்டுகிற தம்பி, அண்ணாச்சிக்கு வேறு ரோடே கிடைக்கவில்லையா என்று சலித்துக்கொள்வார். கிழக்கே போனால் மணல் அள்ளிய பள்ளங்களும் அதில் நிற்கிற நாற்றத் தண்ணீரும். கரையில் புதிதாக எழும்பிய வீடுகள் எல்லாம் ஆற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கின்றன. முதுகிலிருந்து ஒரு பிவிசி பைப் மட்டும் ஆற்றுக்குள் நீட்டிக்கொண்டிருக்கிறது. பால் காய்ச்சிய அன்று செம்பில் கங்கை ஜலம் வைத்துக் கும்பிட்டவர்கள்தான் இந்த வீட்டுக்காரர்கள். அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பேன்.

ஒருநாள் கரையோர டீக்கடையில் ஒரு கல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பாதி டீ குடித்த பிறகுதான் கையில் காடி தட்டுப்பட்டது. பலகையை இறக்கித் தண்ணீரை அடைப்பதற்காகக் கல்லின் ஓரத்தில் நேராக வெட்டிய காடி. யாரோ மடையைப் பெயர்த்துக் கொண்டுவந்து பெஞ்சாகப் போட்டிருக்கிறார்கள். கடைக்காரரிடம் கேட்டேன். சும்மா கிடந்த கல்தானே என்றார். எத்தனை பேர் எழுதிக் கையெழுத்துப் போட்டுப் பாத்தியம் கொண்டாடிய மடை, அதன் மேல் உட்கார்ந்து நானும் டீ குடித்திருக்கிறேன். மிச்சத்தைக் கீழே ஊற்றிவிட்டு வந்துவிட்டேன்.

ஐப்பசி பிறப்பதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சின்னத் தடுப்பணை ஒன்றின் பக்கம் அந்த அம்மாளைப் பார்த்தேன். நாற்பத்தைந்து வயதிருக்கும். மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இலவசமாகக் கொடுத்த சைக்கிளைக் கரையில் நிறுத்திவிட்டு, தனியாளாக மண்வெட்டி பிடித்துக் கால்வாயின் வாயைச் சுத்தம் செய்துகொண்டிருந்தார். ஆற்றிலிருந்து குளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற அந்தக் கால்வாயை வரத்துக்கால் என்பார்கள். அந்தக் குளத்துக்குக் கீழே அவருக்கு ஒரு ஏக்கர் நஞ்சை. கணவர் கேரளாவில் லோடு வண்டி ஓட்டுகிறார். போன மழைக்கு ஆற்றில் மூன்று நாள் தண்ணீர் போயிருக்கிறது, குளத்துக்கு ஒரு சொட்டு வரவில்லை. இந்த மழைக்கும் குளம் நிறையாவிட்டால், தை பிறந்ததும் மொத்த நிலத்தையும் பிளாட் போடுகிறவருக்குக் கொடுத்துவிடுவது என்று கொழுந்தன்மார் முடிவு செய்துவிட்டார்கள். அந்த அம்மாளின் நிலம் நடுவில் இருக்கிறது. அவர் மட்டும் மறுத்தால் சுற்றி வேலி போட்டுவிடுவார்களாம்.

குளத்தில் இத்தனை பேருக்குப் பாத்தியம் இருக்க, வெட்டுவதற்கு நீங்கள் ஒருவர்தானா என்று கேட்டேன். மற்றவர்கள் எல்லாம் பிளாட்டுக்காரர் எப்போது வருவார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார்.

"தண்ணி எங்கன நிக்குன்னே தெரியல அண்ணாச்சி. இங்கன உள்ள போவுது. குளத்துக்கு மட்டும் வரமாட்டேங்கு."

நான் பத்திரம் எழுதுகிறவன், போய்ப் பார்த்துவிடலாம் என்றேன். அவரும் ஒருமுறை கால்வாயைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். நடுவில் ஒரு காம்பவுண்டு வந்திருக்கிறது, வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவர் கூட வந்தால் விடுவான் என்று மண்வெட்டியைக் கேரியரில் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் முன்னால் மிதிக்க, நான் பின்னால். கால்வாய் முதலில் முள்ளுக்குள் ஓடியது, பிறகு பிளாஸ்டிக் குப்பைக்குள். ஊரை, ஊர்க்காரர்களை, ஓட்டுக் கேட்டு வருகிறவர்களை, எல்லோரையும் நான் வைதுகொண்டே வந்தேன். யாராவது ஒருத்தன் வந்து பார்த்தானா, இந்தக் கால்வாய் எங்கே போகிறது என்று ஒருத்தனுக்காவது அக்கறை இருந்ததா என்று கேட்டேன். அந்த அம்மாள் ஆமாம் ஆமாம் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

பிறகு காம்பவுண்டு வந்தது. வாசலில் வளைவு, அதில் தங்க நிற எழுத்தில் ஏதோ நகர். வாட்ச்மேன் என் சட்டையைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை. உள்ளே ஒரு தார் ரோடு, அதன் ஓரமாக வரிசையாக வீடுகள், ஒரு ஊஞ்சல், குரோட்டன்ஸ் தொட்டிகள். காம்பவுண்டுக்கு வெளியே இந்தப் பக்கம் வந்து நின்ற கால்வாய், அந்தப் பக்கம் குளத்தை நோக்கி மறுபடி தொடங்கியது. நடுவில் ரோடுதான் இருந்தது.

அந்த அம்மாள் ரோட்டில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, தாரின் மேல் உள்ளங்கையை வைத்தார். இதற்குக் கீழேதான் எங்கள் தண்ணீர் என்றார்.

நான் வளைவின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பெயரை அத்தனை முறை டைப் அடித்திருக்கிறேன். அந்த மனைகள் அத்தனைக்கும் பத்திரம் எழுதியது நான்.

வெயில் ஏறிவிட்டது, கடைக்குப் போக வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியில் எல்லாம் நினைவுக்கு வந்தது. மறந்துபோயிருந்தால்கூட எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும். முதல் மனையை எழுதும்போது தாய்ப்பத்திரத்தைப் படித்தேன். தெற்கே வரத்துக்கால் என்று அதில் இருந்தது. மனை போட்டவர் கொண்டுவந்த தாளில் தெற்கே இருபதடிப் பொதுப்பாதை என்று இருந்தது. இது மாறுகிறதே என்று கேட்டேன். அந்தக் கால் எப்பவோ தூர்ந்துபோச்சு அண்ணாச்சி, இப்போது பாதையாகத்தான் கிடக்கிறது, வேண்டுமானால் வந்து பாருங்கள் என்றார். என் கடையிலிருந்து சைக்கிளில் போனால் இருபது நிமிஷம். கடையில் அன்று கூட்டம். பார்க்க என்ன இருக்கிறது என்று பாதை என்றே அடித்துவிட்டேன். அடுத்த மனைக்கு மனை எண்ணையும் வாங்குகிறவர் பெயரையும் பக்கத்து மனைகளையும் மட்டும் மாற்றினேன், தெற்கே பாதை அப்படியே இருந்தது. அதற்கடுத்ததற்கும் அப்படியே. வழியெல்லாம் ஒருத்தனாவது வந்து பார்த்தானா என்று நான் வைதுகொண்டு வந்த அந்த ஒருத்தன் நானேதான். இத்தனை வயதுக்கு மேல் என்னை நானே கெட்ட வார்த்தை சொல்லித் திட்டிக்கொண்டு ரோட்டில் சைக்கிள் மிதித்தேன்.

நான்கு நாள் ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஐந்தாம் நாள் அந்த அம்மாளே கடைக்கு வந்துவிட்டார். பஜாரில் விசாரித்திருக்கிறார், சைக்கிள் மிதிக்கிற பத்திரக்கார அண்ணாச்சி என்றதும் என் கடையைக் காட்டியிருக்கிறார்கள். திங்கட்கிழமை தென்காசியில் கலெக்டரிடம் மனுக் கொடுக்க வேண்டும், எழுதித் தாருங்கள் என்றார். அதற்குள் அவர் அந்த நகருக்கு மறுபடியும் போய்ச் சண்டை போட்டிருக்கிறார். குடியிருப்பவர்கள் பத்திரத்தை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். அதில் பாதை என்றுதான் இருக்கிறது, கால்வாய் என்று ஒரு வார்த்தையும் இல்லை, நாங்கள் என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை.

"அந்தப் பத்திரத்த எழுதுனவன் மட்டும் ஒருநாள் என் எதுக்க வரட்டும்" என்றார்.

நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன். மனுவை அடித்தேன். ஆறு, தடுப்பணை, வரத்துக்கால், குளம், அதை நம்பியிருக்கிற நிலங்கள், மழைக்கு முன்னால் ரோட்டைத் தோண்டிக் குழாய் பதித்தாவது தண்ணீர் விட வேண்டும் என்ற வேண்டுகோள். விரல் நன்றாகத்தான் ஓடியது. கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். தாய்ப்பத்திரத்தில் வரத்துக்கால் என்று இருந்ததை, நேரில் பார்க்காமல் பொதுப்பாதை என்று மாற்றி எழுதியவர் இதே ஊரைச் சேர்ந்த ஆவண எழுத்தர் என்றும், அவரே அதை ஒப்புக்கொள்கிறார் என்றும், தாய்ப்பத்திரத்தின் எண் இன்னது என்றும். பெயரும் போட்டேன். பிரின்ட் எடுத்து, முதலிலிருந்து அவருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிப் பத்தியும் வந்தது. என் பெயரை வாசித்துவிட்டு, அது நான்தான் என்றேன்.

அவர் வைவார் என்று காத்திருந்தேன். உள்ளுக்குள் வேறொன்றும் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஒப்புக்கொண்டீர்களே, அதுவே பெரிது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"அந்தக் கடைசிய எடுத்துருங்க" என்றார். "என் மனுவுல நான் தண்ணி கேக்கேன். நீங்க செஞ்சத உங்க பேருல தனியா எழுதுங்க. என் காயிதத்துக்குள்ள வந்து ஒளியாதீங்க."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது, அவர் மேல். லைசென்ஸ் போய்விடும் என்று தெரிந்தே பெயரைப் போட்டிருக்கிறேன், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாய்வரை வந்தது. ஆனால் அவர் சொன்னதில் ஒரு எழுத்தும் தப்பில்லை. அந்தப் பத்தியை நான் யாரோ ஒரு எழுத்தரைப் பற்றிச் சொல்வதுபோல்தான் எழுதியிருந்தேன், மற்றவர் பத்திரத்தின் கடைசியில், எழுதியவர் இன்னார் என்று சின்ன எழுத்தில் நின்றே பழகியவன் நான்.

அவர் மனுவைத் திருத்தி வேறு பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். என்னுடையதைப் பிறகு எழுதி நானே கொண்டுவருகிறேன், நீங்கள் கிளம்புங்கள் என்றேன். அவர் எழுந்திருக்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியை இன்னும் கொஞ்சம் மேஜைப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அனுப்புநர் என்று அடித்துவிட்டு அதன் கீழே என் பெயரை அடித்தேன். அரைப் பக்கம்தான் வந்தது, அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. கட்சிக்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள், நாளைக்கு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன். கையெழுத்துப் போட்டதும் தாளை அவரே எடுத்தார். எழுத்துக் கூட்டி மெதுவாக முழுவதையும் வாசித்தார். இரண்டு மனுக்களையும் ஒன்றாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடுகிறேன் என்றேன். அவர் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"வாங்க. நீங்க வராட்டாலும் ரெண்டையும் நான் குடுத்துருவேன்."