கிரேக்க வைத்தியருக்கு ஒரு குணப் பரீட்சை

எங்கள் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒரு பரீட்சையை அனுப்பியிருந்தார்கள். மனிதர்களில் பதினாறு வகையாம். கேள்விகளுக்குப் பதில் சொன்னால் நாம் எந்த வகை என்று அது சொல்லிவிடும். வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவள் நான். எங்களுக்கு வெட்டி வேலைக்குக் குறைச்சலே கிடையாது. அன்று சாயங்காலம், எங்கள் ஊர் மலை நேரெதிரே தெரியும் செங்கம் ரோட்டு டீக்கடையில் அதை என் சிநேகிதியிடம் காட்டினேன்.

அவள் யுனானி டாக்டர். சென்னையில் படித்துவிட்டு அப்போதுதான் ஊருக்குத் திரும்பியிருந்தாள். எட்டாம் வகுப்பிலிருந்து ஒன்றாகச் சுற்றியவர்கள் நாங்கள். அவளுடைய கிளினிக்குக்காகக் கடைத்தெருவில் ஓர் அறையும் பார்த்து வைத்திருந்தோம். அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து அவளுக்கு வேலை வந்தது. போவாளா, இருப்பாளா என்று அவளாகச் சொல்லவில்லை. கேட்க எனக்குப் பயம்.

பதினாறைக் கேட்டு அவள் சிரித்தாள். கிரேக்கர்களிடமிருந்து வந்த அவளுடைய யுனானிப் படிப்பில் உடம்பில் ஓடும் நீர்கள் நாலுதான்: ரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். எது தூக்கலோ அதுதான் அந்த ஆளின் குணம். அதையெல்லாம் விரித்து எழுதியவர் பழைய கிரேக்க வைத்தியர் ஒருவர். அவரைப் பற்றிப் பேசினால் ஏதோ அவளுடைய பெரியப்பாவைப் பற்றிப் பேசுவது போலிருக்கும். அவரையே பரீட்சையில் உட்கார வைத்துவிடலாம் என்றேன்.

அவருக்காக அவள் பதில் சொன்னாள், நான் அமுக்கினேன். கூட்டம் பிடிக்குமா? பிடிக்கும், நாலு பேர் பார்க்க மற்ற வைத்தியர்களோடு சண்டை போடுவார். கோபம் வருமா? அவருடைய அம்மா கோபம் வந்தால் வேலைக்காரிகளைக் கடித்துவிடுவாளாம். தான் அப்பா மாதிரி பொறுமையாக இருக்க வேண்டும் என்று இவர் முடிவு செய்தாராம். அப்படி எழுதிவிட்டு, யாரையாவது திட்டாமல் அவருக்குப் பேனா ஓடாது. ஊருக்குத்தான் உபதேசம். சிரித்த சிரிப்பில் எனக்குப் புரையேறியது.

அடுத்த கேள்வி: பழகிய இடத்தை விட்டுப் போவது உங்களுக்கு எளிதா?

ரோமில் கொள்ளைநோய் வந்தபோது அவர் சொந்த ஊருக்குக் கிளம்பிவிட்டதாக அவளே சொல்லியிருக்கிறாள். ‘ஆமாம்’ என்று அமுக்கப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“இருடி. ராஜா கூப்பிட்டதும் திரும்பி வந்துட்டாரு இல்ல?”

அதற்குமேல் எனக்கு வைத்தியரைப் பற்றிய கவலை இல்லை. “நான் கூப்பிட்டா நீ வருவியா?” என்றேன்.

“வருவேன். ஆனா மொதல்ல போவணுமே,” என்றாள்.

அந்தக் கேள்விக்கு ‘ஆமாம்’, ‘இல்லை’ இரண்டுக்கும் நடுவிலிருந்த வட்டத்தை அமுக்கிவைத்தேன். கடைசியில் அவர் எந்த வகை என்று வந்ததோ, நினைவில்லை.

அவள் போய்விட்டாள். எனக்குப் பேச ஆள் இல்லாமல் இல்லை. தங்கைகள் இருக்கிறார்கள், ஆபீஸ் முழுக்க வாய்கள் இருக்கின்றன. ஆனாலும் அவள்தான் வேண்டியிருக்கிறது. அந்தக் கடையில் தனியாக உட்கார்ந்தால் டீ இறங்க மாட்டேன் என்கிறது. அவளுடைய லீவு நாளில் போன் செய்வேன், எப்போது வருகிறாய் என்பேன். வரேன்டி, வரேன்டி என்பாள்.

போன வாரம், பார்த்து வைத்த பழைய அறை செல்போன் கடையாகிவிட்டதென்றும் பக்கத்துத் தெருவில் மாடியில் இன்னொரு அறை காலியாக இருக்கிறதென்றும் சொன்னேன். நோயாளிகள் உட்கார வராந்தாகூட உண்டு.

“ஜன்னல்ல மலை தெரியுதா?” என்று கேட்டாள்.

எதிர் லாட்ஜின் தண்ணீர்த் தொட்டி முழுசாக மறைத்துக்கொண்டிருக்கிறது.

“நல்லாத் தெரியுதுடி,” என்றேன்.